வாங்குகிற மீட்டர்

கண்டிக்குப் பக்கத்தில் கடுகண்ணாவையில் மரம் வாங்கி விற்கும் மரக்காலை வைத்திருந்த ராஜலிங்கத்தைக் கெட்டவர் என்று ஊரில் யாரும் சொன்னதில்லை. கோயிலுக்குப் பந்தல் மரம் கேட்டால் மறுபேச்சில்லாமல் ஏற்றி அனுப்புவார். ஆனால் மனுஷனிடம் ஒரு கோணல் புத்தி இருந்தது. பலகையின் ஈரம் பார்க்கிற மீட்டர் அவரிடம் இரண்டு. இரண்டு ஊசிகளைப் பலகையில் குத்தினால் முள் நகர்ந்து ஈரத்தைச் சொல்லும். ஒன்று ஒழுங்கானது. மற்றது லொறியிலிருந்து விழுந்த நாளிலிருந்து, காய்ந்த பலகையைக்கூட நனைந்தது என்றே காட்டியது. வேறு யாராவது என்றால் அதைத் தூக்கி வீசியிருப்பார்கள். இவரோ பத்திரப்படுத்தினார்! விற்கும்போது நல்லது, வாங்கும்போது விழுந்தது. மரம் விற்க வருகிறவர்களிடம் முள்ளைக் காட்டி, "பச்ச மரங்க, காயும்போது வெடிச்சிரும்" என்பார். அவர்களும் தலையைச் சொறிந்துகொண்டு விலையை இறக்குவார்கள்.

தமிழர் வீடுகளை எரித்த எண்பத்துமூன்று ஆடிக் கலவரம் அடங்கிச் சில வாரங்களில், அக்குறணையில் கடை வைத்திருந்த மக்கீன் முதலாளியின் பின்வளவில் ஒரு வீட்டு வேன் விற்பனைக்கு நிற்பதாகக் கேள்விப்பட்டார். கட்டில், அடுப்பு, அலுமாரி எல்லாம் உள்ளேயே பொருத்திய வேன். அணைக்கட்டு வேலைக்கு வந்த வெள்ளைக்காரர் ஒருவர், ஊர் திரும்பும்போது கூட வேலை செய்த எஞ்சினியர் ஸ்ரீஸ்கந்தராசாவுக்கு அதை விற்றிருந்தார். மரம் வெட்டும் இடங்களில் தங்க ராஜலிங்கத்துக்கு அப்படி ஒன்று தேவைப்பட்டது. ஆனால் உட்சுவரெல்லாம் ஒட்டுப்பலகை. கூரை ஒழுகித் தண்ணீர் இறங்கியிருந்தால் வெளியே தெரியாமலே உளுத்துவிடும். ஈரம் பார்க்காமல் வாங்க முடியாது.

மேசையில் இரண்டு மீட்டரும் கிடந்தன. கை முதலில் நல்லதன் பக்கம்தான் போனது. பிறகு, வாங்கத்தானே போகிறோம் என்று விழுந்ததை எடுத்துப் பைக்குள் போட்டார். அவசரத்தில் விற்கிறவர், இன்னும் இறங்குவார் என்ற எண்ணமும் உள்ளே ஓடியது. அந்த ஆடியில் தானும் பெண்டாட்டி பிள்ளைகளோடு பக்கத்து வீட்டுச் சிங்களவரின் அறைக்குள் மூச்சடக்கிக் கிடந்தது அந்த நேரம் எங்கே போய்த் தொலைந்ததோ!

"வாங்கோ முதலாளி, உள்ள ஏறுங்கோ" என்றார் வேன் வாசலில் நின்ற ஸ்ரீஸ்கந்தராசா. "எங்கட வீடு இப்ப இதுதான். கண்டி வீடு எரிஞ்சு போச்சு. வேனை வித்துப்போட்டு ஊருக்குப் போகப்போறம்."

வேனுக்குள் ஆட்கள் குடியிருப்பது ராஜலிங்கத்துக்குத் தெரியாது. சுவரோரக் கட்டிலில் ஒரு சின்னப் பெண் சாய்ந்து கிடந்தாள். நெஞ்சு ஏறி இறங்கியது. தாய் லீலாதேவி முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். அந்த இடத்திலேயே திரும்பியிருக்கலாம். பையைத் திறக்காமலாவது இருந்திருக்கலாம். பழகிப்போன கை கேட்டால்தானே! யன்னலுக்குக் கீழே ஊசிகளைக் குத்தினார். முள் விறுவிறு என்று ஏறிக் கடைசியில் நின்றது.

"ஈரம் பலமா இருக்குங்க ஐயா."

பேரம் தொடங்கும் என்று காத்திருந்தார். லீலாதேவிதான் எழுந்து வந்து முள்ளைப் பார்த்தாள்.

"அப்ப இதாலதான்..." என்றாள். "மூண்டு கிழமையா பிள்ளைக்கு மூச்சுமுட்டு விடுதில்லை. பயத்தில வந்ததெண்டு நினைச்சன். ஈரச் சுவரோட ஒட்டிக் கிடத்தினது நான்தான். ஐயோ, என்ர பிள்ளையை நானே கெடுத்துப்போட்டன்!" நெற்றியில் அடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"விலையைக் குறைச்சுத் தாறன் முதலாளி" என்றார் கணவர், தரையைப் பார்த்தபடி. "ஈரமெண்டு தெரிஞ்சிருந்தா அந்த விலை சொல்லியிருக்க மாட்டன். குறை நினைக்காதேங்கோ."

வந்த காரியம் முடிந்தது. ராஜலிங்கத்துக்கோ உடம்பெல்லாம் கூசியது. ஏமாற்றியவர் இவர், மன்னிப்புக் கேட்கிறவர் அவர்! இப்படி வெட்கப்பட்டு ராஜலிங்கம் ஒருநாளும் நின்றதில்லை.

"அம்மா, அழாதீங்க" என்றார் அவசரமாக. "இந்த மீட்டர் ஒருக்கா கீழ விழுந்ததுங்க. கூடத்தான் காட்டும். வேன் காஞ்சுதான் இருக்கும்."

எஞ்சினியர் நிமிர்ந்தார். "சரியான மீட்டர் வேறை ஒண்டு வச்சிருக்கிறியளோ? நானும் கூட வாறன், எடுத்துக்கொண்டு வந்து ஒருக்கால் பாப்பம். இவளுக்கு மனம் ஆறும்."

இருக்கிறது என்று சொல்ல ராஜலிங்கம் வாய் திறந்தார். சொன்னால் அடுத்த கேள்வி தெரியும்: நல்லது இருக்க, பழுதானதை ஏன் கொண்டு வந்தீர்கள்?

"இல்லைங்க ஐயா. இது ஒன்னுதான்."

லீலாதேவி கண்ணைத் துடைத்தாள். "இஞ்சேருங்கோ, விடுங்கோ. எங்கட மனம் நோகக்கூடாதெண்டு பாவம், தன்ர சாமானையே குறை சொல்லுறார். இந்தக் காலத்தில ஆர் இப்பிடிப் பாக்கினம்?"

பிறகு மகளை எழுப்பிக் கணவரின் தோளில் போட்டாள். "இனி இவளை இதுக்குள்ள கிடத்தமாட்டன். மக்கீன் முதலாளியிட்டக் கேட்டுக் கடைப் பின்னறையில மூட்டையளுக்கு நடுவிலயெண்டாலும் படுப்பம்" என்று மெத்தையை இழுத்தாள். அது அசையவில்லை. ராஜலிங்கம் மறுமுனையைப் பிடித்தார். மெத்தை காய்ந்து, வேனுக்குள் அடைந்த வெயிலில் சூடாக இருந்தது.

"தொட்டுப் பாருங்கோ, எப்பிடி ஊறிக் கிடக்கு" என்றாள் அவள். "நான் இதைக் கூடக் கவனிக்கேல்லை."

"ஆமாங்கம்மா, ஊறித்தான் இருக்கு" என்றார் ராஜலிங்கம்.