நெல்லுக்குக் குளிர்ந்தால்

ஆஸ்திரேலியாவின் குளிர் இரவுகளைத் தாங்கி, குறைந்த தண்ணீரில் நெல் விளைவிக்க வழி தேடுவது என் தொழில். இதைச் சொன்ன பிறகு என்னைச் சும்மா விட்டவர்கள் மெல்பர்னில் குறைவு. செய்கிற வேலையை விருந்துகளில் விளக்கிக் களைத்தவர்களுக்கு என் பாடு புரியும்.

தண்ணீர்ப் போர்வை

மெல்பர்னின் கிளென் வேவர்லியில் நான் வாடகைக்கு இருக்கும் வீட்டின் சொந்தக்காரர் யோகம் அன்ரி, யாழ்ப்பாணத்துக்காரர். ஒரு மத்தியானம் சோறு போட்டுக்கொண்டே என் வேலையைப் பற்றி விசாரித்தார். சொன்னேன்: இங்கே கோடையிலும் சில இரவுகள் சில்லிட்டுப்போகும். கதிர் உள்ளே உருவாகும் நேரத்தில் அந்தக் குளிர் பட்டால் மணி பிடிக்காது, பதர்தான். அதனால் வயலில் ஆழமாகத் தண்ணீர் கட்டி, அது பிடித்துவைக்கும் சூட்டில் கதிரைக் காப்பாற்றுகிறார்கள். தண்ணீரோ இந்த நாட்டில் அருமை. பாதித் தண்ணீரிலேயே குளிர் தாங்கும் ரகம் தேடுகிறோம். அன்ரி கரண்டியை அந்தரத்தில் நிறுத்தி யோசித்தார்.

"அப்ப பிள்ளை, போர்வையை உருவிப்போட்டு, அது நடுங்குதோ எண்டு பாக்கிறியள். அப்பிடித்தானே?"

பம்ப் மேல் ஒரு கை

மெல்பர்னுக்கு வடக்கே, காரில் நாலு மணி நேரத் தூரத்தில் கிரெக் என்ற விவசாயியின் வயல். எங்கள் மூன்று ரகங்களுக்காக ஒரு துண்டு தந்திருந்தார். பதரானால் அடுத்த வருடம் கிடையாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார். அந்த வயல் போனால் என் ஆராய்ச்சியும் அம்பேல். ஜனவரியில், இங்கே நடுக்கோடை, கதிர் உருவாகும் நேரம் பார்த்து மூன்று நாள் குளிர் வரும் என்றது வானிலை அறிக்கை. அவர் தண்ணீர் ஏற்றத் துடித்தார். ஏற்றினால் சோதனையே வீண் என்று நான் கெஞ்சினேன். பம்ப் மேல் கையை வைத்தபடி கேட்டார்.

"உங்க கம்ப்யூட்டர்ல நெல் குளிரைத் தாங்கும். என் வயல்ல தாங்குமா?"

பதர் பொறுக்கிய வாரம்

கடைசியில் கிரெக் பம்பைப் போடவில்லை. அறுவடைக்குப் பிறகு மெல்பர்ன் கிளேட்டனில் உள்ள எங்கள் ஆய்வகத்தில் நானும் சுகந்தனும் மணி மணியாக விரலால் நசுக்கிப் பார்த்தோம். சுகந்தன் என்னோடு வேலை செய்பவர்; இலங்கையிலிருந்து படகில் வந்து, இன்னும் தற்காலிக விசாவில் இருப்பவர். முதல் ரகம் பதர். இரண்டாவதும் பதர். மூன்றாவது கெட்டியாக நின்றது. நான் துள்ளிக் குதித்தேன். அவருக்கோ புருவம்தான் நெரிந்தது.

"அக்கா, மூண்டும் ஒரே தண்ணியிலதானே நிண்டது. இது மட்டும் ஏன் சாகேல்ல?"

மன்னிப்புக் கேட்கப் போனது

நாலு மணி நேரமும் மன்னிப்பை ஒத்திகை பார்த்துக்கொண்டே ஓட்டினேன். இரண்டு பதர்ப் பைகளையும் முதலில் கிரெக்கின் மேசையில் கொட்டினேன், பிறகுதான் மூன்றாவதை. ஒரு வருட விளைச்சலை வைத்து எதுவும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றும் சொன்னேன். அவர் ஒரு மணியைக் கடித்துப் பார்த்தார்.

"தோத்ததை மொதல்ல காட்டினீங்க இல்ல, அதனால நம்புறேன். அடுத்த வருஷம் பெரிய வயலை எடுத்துக்குங்க."

ஆராய்ச்சி என்பது வேறொன்றும் இல்லை, தோல்விக்கு மன்னிப்புக் கேட்கப் போய், பெரிய வயலை வாங்கிக்கொண்டு, அந்த ஒரு ரகம் ஏன் பிழைத்தது என்று இன்னும் தெரியாமலே, போனதைவிட அதிகப் பயத்தோடு வீடு திரும்புவதுதான்.