அக்காவின் விரல்களும் ஒஷாவாவில் வாங்கிய மெஷினும்

அக்கா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களில் பலர் அவரைக் கரவெட்டியிலேயே அறிந்தவர்கள். நண்பர்களில் பலர் ஸ்காபரோவில் கோயில் மடைப்பள்ளியில் அவரோடு காய்கறி வெட்டியவர்கள். உங்களில் மிகச் சிலருக்கே தெரிந்த ஒன்றை இங்கே எழுதுகிறேன். அத்தானிடம் கேட்டேன். "எழுதும், அவ ஒளிச்சுச் செய்த வேலையில்லையே" என்றார்.

அக்கா துவக்குச் சுடுவார். துப்பாக்கிக் கழகத்தில், கடதாசி இலக்கைப் பார்த்து, மிக நன்றாகச் சுடுவார்.

எங்கள் ஐயா தபால் கந்தோரில் வேலை பார்த்தவர். பெண் பிள்ளைகள் நாங்கள் இருவர். ஐயா காலமானபோது அக்கா உயர்தரம் படித்துக்கொண்டிருந்தார். அதன்பின் வீட்டுப் பொறுப்பு முழுவதும் அவருடையதாயிற்று. ஷெல் விழுந்த காலத்தில் பங்கருக்குள் அம்மா தேவாரம் பாடுவார். அக்கா தன் இரண்டு கைகளாலும் என் காதுகளைப் பொத்திக்கொண்டிருப்பார். அவருடைய காதுகளைப் பொத்த யாரும் இருக்கவில்லை.

அத்தானைத் திருமணம் செய்து ரொறன்ரோ வந்தபின் அந்தச் சத்தம் அவரை விடவில்லை. இங்கே கோடைகாலத்தில் வாணவேடிக்கை தொடங்கியதும் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தி, தண்ணீர்க் குழாயைத் திறந்துவிடுவார். மகள் பிறந்து நடக்கத் தொடங்கியபின்னும் அப்படித்தான். அத்தான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே வேடிக்கை காட்டுவார். எல்லாம் ஓய்ந்தபின் அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து சாப்பாடு போடுவார். அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை.

கார் உதிரிப்பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில், செய்து வரும் துண்டுகள் சரியான அளவில் இருக்கின்றனவா என்று பார்ப்பது அக்காவின் வேலை. பக்கத்து மேசையில் ஐரின் என்ற பெண்மணி இருந்தார். ஒஷாவாவில் வசிப்பவர், பரம்பரையாகத் துப்பாக்கி சுடும் குடும்பம். வாணவேடிக்கை பற்றி ஒருநாள் ஏதோ பேச்சு வர, அக்கா அவரிடம் உண்மையைச் சொல்லிவிட்டார். அந்தக் கோடையில் ஸ்ரௌவ்வில்லுக்கு வடக்கே இருக்கும் தன் சுடும் கழகத்துக்கு ஐரின் அவரை அழைத்துச் சென்றார்.

திரும்பி வந்த அன்று மாலை எனக்குத் தொலைபேசி எடுத்தார். "பயமாயிருக்கேல்லையோ அக்கா?" என்று கேட்டேன்.

"முதல் வெடிக்குக் கண்ணை மூடீட்டன். பேந்து இல்லை. ஏனெண்டு சொல்லு பாப்பம். அந்தச் சத்தம் எப்ப வருமெண்டு எனக்குத் தெரியும். நான்தானே அதை வரப்பண்ணுறன்" என்றார். அவர் குரலில் அப்படியொரு உற்சாகத்தை நான் அதற்குமுன் கேட்டதில்லை.

அத்தானுக்கு இது பெரிய இடியாக இருந்தது. அவருடைய ஒரே தம்பி ஊரில் துவக்குச் சூட்டில் இறந்தவர். அக்கா அனுமதிப்பத்திரத்துக்கு விண்ணப்பித்தபோது கணவரின் ஒப்பமும் கேட்டிருந்தார்கள். நான் அன்று அவர்கள் வீட்டில் இருந்தேன்.

"துவக்குக்குப் பயந்து ஓடி வந்தனாங்கள். நீர் அதை வாங்கி வீட்டுக்குள்ள வைக்கப் போறீர்" என்றார் அத்தான்.

"நான் கடதாசியைப் பாத்துத்தானே சுடுறன். அது ஓடாது, அழாது. எனக்கு இந்தப் பயம் போகவேணும். வேற வழி தெரியேல்லை" என்றார் அக்கா.

அத்தான் ஒப்பம் வைத்தார். ஆனால் துவக்கைப் பூட்டி வைக்கும் இரும்பு அலுமாரி பேஸ்மென்ற்றில் வந்து இறங்கிய நாளிலிருந்து அவர் அங்கே காலடி வைக்கவில்லை. உடுப்புத் தோய்க்கும் மெஷினும் அங்கேதான் இருந்தது. தோய்த்த உடுப்புகளை அக்கா படியில் வைக்க, அத்தான் மேலே எடுத்துச் செல்வார். வருடக்கணக்காக இப்படியே நடந்தது.

அந்த ஆண்டு முதல் வாணவேடிக்கை நாட்களில் அக்கா குளியலறைக்குள் போகவில்லை. வீட்டு வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார்.

கடையில் விற்கும் தோட்டாக்களின் உதை அவருடைய தோளுக்குக் கடுமையாக இருந்தது. அதனால் மெதுவாக உதைக்கும் தோட்டாக்களைத் தானே செய்ய ஐரினிடம் பழகினார். சுட்டபின் வெளியே விழும் பித்தளைக் கோதுகளைப் பொறுக்கி வந்து, சுத்தம் செய்து, மீண்டும் நிரப்பும் வேலை அது. நிரப்புவதைவிடக் கோதுகளைத் தயார் செய்வதே நீண்ட வேலை. சுட்டதில் நீண்டுபோன கோதைச் சரியான அளவுக்கு வெட்ட வேண்டும். வெட்டிய வாயின் உள்ளும் புறமும் உள்ள பிசிறை எடுக்க வேண்டும். அடிக்குழியில் படிந்த கரியைச் சுரண்ட வேண்டும். எல்லாமே இரண்டு விரல்களால் பிடித்துத் திருகும் வேலை. தொழிற்சாலையில் நாள் முழுவதும் அளவு பார்த்துவிட்டு வந்து, வீட்டிலும் அளவு பார்ப்பதில் அக்காவுக்கு ஏனோ சலிப்பே வரவில்லை. கீழே வானொலியும் பாடிக்கொண்டிருக்கும்.

பிறகுதான் விரல்களில் வாதம் வந்தது. காலையில் எழுந்ததும் கைகள் விரியாது. மூட்டுகள் வீங்கி, விரல்கள் ஒரு பக்கமாகச் சாயத் தொடங்கின. வேலையை விட்டார். இடியப்ப உரலைத் தொட முடியாமற் போனது. துவக்கின் விசையை இழுக்க ஒரு விரல் போதும், அது இருந்தது. கோதைத் திருகத்தான் முடியவில்லை.

மோட்டர் இருந்தால் சரி என்று நினைத்து, கையில் பிடிக்கும் பற்றறி டிறில் ஒன்றை வாங்கிப் பார்த்தார். அது திருகியது உண்மைதான். ஆனால் அதன் பாரத்தைத் தூக்க வேண்டும், சுவிச்சை விடாமல் அழுத்த வேண்டும், அதிர்வு முழுவதும் மணிக்கட்டில் இறங்கும். அடுத்த நாள் தேநீர்க் கோப்பையை இரண்டு உள்ளங்கைகளாலும் ஏந்திக் குடித்தார். "காணும். இனி விடுவம்" என்று சாமான்களைப் பெட்டியில் போட்டுக் கட்டிவிட்டார். கழகத்துக்குப் போவதும் நின்றது.

அந்தக் கோடையில் வாணவேடிக்கை தொடங்கியபோது அக்கா மீண்டும் குளியலறைக்குள் போனார். குழாய் திறந்திருக்கும் சத்தம் வெளியே கேட்டது. அத்தான் கதவுக்கு வெளியே நின்றுகொண்டே இருந்தாராம். பிற்பாடு அவரே இதை எனக்குச் சொன்னார்.

அந்த வார இறுதியில் நான் ரெக்ஸ்டேலிலிருந்து அவர்களைப் பார்க்கப் போயிருந்தேன். அத்தான் சப்பாத்துப் போட்டுக்கொண்டு நின்றார்.

"வெளிக்கிடும். ஐரின் சாமான் வாங்கிற கடை ஒஷாவாவில எங்க எண்டு கேளும்" என்றார் அக்காவிடம்.

அக்கா அவரைப் பார்த்தார். "நீங்கள் காருக்குள்ள இருங்கோ. நானும் தங்கச்சியும் போட்டு வாறம்."

"இல்லை. நானும் உள்ள வாறன்."

கடையில் சுவர் முழுவதும் துவக்குகள். அத்தான் அந்தப் பக்கம் திரும்பாமல் நேரே கருவிகள் இருந்த மேசைக்கு நடந்தார். முதலில் கடைக்காரர் காட்டிய மெஷின் வேகமானது. கோதைப் படுக்கையாகப் பிடித்துப் பக்கவாட்டில் தள்ள வேண்டும். அக்கா பிடித்ததும் அது கோதைப் பறித்துக்கொண்டு சுழன்றது. அக்கா கையைப் பின்னுக்கு எடுத்தார்.

"இது வேண்டாம். கை மடங்குது. மேல இருந்து கீழ அமத்திற மாதிரி ஒண்டு இல்லையோ எண்டு கேளும்" என்றார் அத்தான் என்னிடம்.

அப்படியும் ஒன்று இருந்தது. மேசையில் உட்காரும் கனமான பெட்டி. சுழலும் தலைகள் மேல்நோக்கி இருந்தன. ஒன்று உட்புறப் பிசிறு எடுக்க, ஒன்று வெளிப்புறத்துக்கு, ஒன்று கரி சுரண்ட. மெதுவாகச் சுழன்றது. கோதை மேலிருந்து வைத்தால் கையின் பாரமே அழுத்திக்கொடுக்கும். முழங்கையை மேசையில் ஊன்றலாம். அக்கா ஒரு கோதை வைத்துப் பார்த்தார், இன்னொன்றை வைத்தார், நிறுத்தாமல் செய்துகொண்டே போனார்.

நீளம் வெட்டும் மெஷின்களில், கோதைக் கையால் திருகி இறுக்குவது ஒருவகை, நெம்புகோலைத் தள்ளினால் பிடித்துக்கொள்வது மற்றவகை. கடைக்காரர் முதல் வகையைப் புகழ்ந்தார். "கையால இறுக்கித் திருகிறதெண்டால் பேந்தென்னத்துக்கு மோட்டர்?" என்றார் அத்தான். நான் மொழிபெயர்த்ததும் கடைக்காரர் சிரித்துவிட்டு நெம்புகோல் உள்ளதை எடுத்து வந்தார்.

அன்று பெட்டிகளைப் பேஸ்மென்ற்றுக்குத் தூக்கிச் சென்றது அத்தான்தான். மோட்டர் சுழற்றினாலும் சின்னக் கோதைப் பிடித்திருக்க விரல் வேண்டுமே என்று யோசித்து, சைக்கிள் கைப்பிடியின் தடித்த றப்பரை வெட்டி, கோதைச் செருகிக்கொள்ள ஒரு பிடி செய்தார். அக்கா அதை முழு உள்ளங்கையாலும் பிடித்துக்கொள்வார்.

"உங்களுக்குத்தான் இதெல்லாம் பிடிக்காதே" என்றார் அக்கா.

"இது வெறுங்கோதுதானே. இதுக்குள்ள ஒண்டும் இல்லை" என்றார் அத்தான். வெடிமருந்து நிரப்பும் நேரத்தில் எழுந்து மேலே போய்விடுவார். கடைசிவரை துவக்கைத் தொடவில்லை. ஆனால் கோது வேலை நடக்கும் மாலைகளில் கீழே கதிரையில் இருந்து வானொலி கேட்பார். உடுப்புகளை அவரே மடிப்பார்.

அதன்பின் அக்காவுக்கு நல்ல ஆண்டுகள் கிடைத்தன. கழகத்தில் அவருடைய இலக்குக் கடதாசிகளைச் சுவரில் ஒட்டினார்கள். விரல்கள் மேலும் கோணின, சமையலை அத்தான் பழகினார், ஆனால் ஞாயிறு காலைகள் தவறவில்லை.

சென்ற ஆண்டு அந்த வாதநோய் நுரையீரலுக்கும் பரவியது. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஒருநாள் அத்தானை அழைத்து, "இஞ்சேருங்கோ, ஐரினுக்கும் இப்ப கை வீங்குதாம். அந்த மெஷினை அவவுக்குக் குடுங்கோ. பிடிக்கிறது எப்பிடியெண்டு சொல்லிக் குடுங்கோ, அவ அவசரப்படுவா" என்றார். மறுவாரம் அமைதியாக அடங்கிப்போனார்.

முப்பத்தோராம் நாள் கிரியை கழிந்தபின் அத்தானும் நானும் மெஷினை ஒஷாவாவுக்குக் கொண்டுபோனோம். ஐரின் தன் துவக்குகள் இருந்த அறைக் கதவை முதலில் சாத்தினார். அத்தான் அவருக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், "பரவாயில்லை, திறந்தே இருக்கட்டும்" என்றார். பிறகு ஐரினின் பக்கத்தில் உட்கார்ந்து, "மெதுவாக, மெதுவாக" என்று சொல்லி, அவருடைய முழங்கையை மேசையில் ஊன்ற வைத்தார்.

அக்காவின் நோய்க்காலத்தில் இரவு பகல் பாராது பணிசெய்த தாதியருக்கும், ஸ்ரௌவ்வில்லிலிருந்து நாள்தோறும் சாப்பாடு கொண்டுவந்த மகளுக்கும் மருமகனுக்கும், அக்காவின் உடலை வைத்திருந்த மலர்ச்சாலையில் தோள்கொடுத்த உறவினருக்கும், தமிழ் புரியாவிட்டாலும் கிரியை முடியும்வரை நின்ற கழக நண்பர்களுக்கும் எங்கள் நன்றி உரியது.

வீட்டு மனிதருக்கு நன்றி சொல்வது எங்கள் வழக்கமில்லை. இந்த மலரைச் சரிபார்க்கும்போது இந்த வரியை வெட்டச் சொல்வார் என்றும் தெரியும். ஆனாலும் அத்தான், உங்களுக்கு நன்றி.

— தங்கை