மீனுக்கு எடுத்த தண்ணி

முதலில் என் கையெழுத்தையும் எழுத்துப் பிழைகளையும் பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன். திருநெல்வேலிச் சந்தையில் மூட்டை இறக்குகிறேன். பேனை பிடிக்கிற வேலை எனக்கு வாய்க்கவில்லை.

கனடாவுக்குப் படிக்கப் போன மகன் வீட்டில் ஒரு கண்ணாடித் தொட்டியை விட்டுப்போனான். அதற்குள் இருப்பது உப்புத் தண்ணீர். இரண்டு செம்மஞ்சள் மீன்களும் உயிருள்ள பவள முருகைகளும் உண்டு. வெளிச்சம் போட்டால் முருகைகள் பூப்போல விரியும். அவன் போன பிறகு என் மனைவிதான் அதைப் பார்த்தாள். தண்ணீர் வற்றினாலும் உப்பு வற்றாது என்பதால், வற்றிய அளவுக்கு நல்ல தண்ணீர் விடவேண்டும். ஓட்டிலிருந்து வடியும் மழைத் தண்ணீரைப் பீப்பாவில் பிடித்துவைத்து அவள் விடுவாள். மகனோடு தொலைபேசியில் கதைப்பதும் அவள்தான். நான் பின்னால் நிற்பேன். என்னிடம் கொடுத்தால் சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டுத் திருப்பிக் கொடுப்பேன்.

வெயில் காலத்தில் அவள் செத்துப்போனாள். விசா அலுவலால் மகனுக்கு வர முடியவில்லை. கொள்ளி நான் வைத்தேன், அவன் தொலைபேசியில் பார்த்தான். அதன்பிறகு அவன் என்னோடுதான் கதைக்க வேண்டியிருந்தது. இரண்டு பேருக்கும் சொல்ல ஒன்றும் இல்லை. அவன் தொட்டியைப் பற்றிக் கேட்டான், நான் சொன்னேன். அதுவும் செத்தால் அவன் தொலைபேசி எடுப்பதற்குக் காரணமே இராது என்று எனக்குத் தெரிந்தது.

பீப்பாவில் தண்ணீர் முடிந்ததும் கிணற்றுத் தண்ணீரை விட்டேன். எங்கள் கிணறு இனிப்பான தண்ணீர் என்று அயலில் பேர். கொஞ்ச நாளில் கண்ணாடியில் மண்ணிறப் பாசி பிடித்தது, முருகைகள் சுருங்கின. அவன் சொல்லித்தந்தபடி கிணற்றுத் தண்ணீரைச் சின்னக் குழாயில் எடுத்து, தண்ணீரைச் சோதிக்கிற மருந்து விட்டேன். நல்ல சிவப்பாக மாறியது. சுற்றியுள்ள தோட்டங்களுக்குப் போடுகிற உரம் கிணற்றில் இறங்கியிருக்கிறது, அந்தத் தண்ணீர் ஆகாது என்றான். குழாய்த் தண்ணீரில் கிருமி கொல்லும் மருந்து மணந்தது. அதுவும் வேண்டாம் என்றான். பாதித் தண்ணீரை மாற்றச் சொன்னான்.

கடல் மீனுக்குக் கடல் தண்ணீர்தானே என்று நினைத்தேன். அவனிடம் கேட்கவில்லை. அடுத்த வீட்டு அண்ணையின் ஓட்டோவில் நாலு தண்ணீர்க் கானை ஏற்றிக்கொண்டு, சனங்கள் தீர்த்தமாடும் கீரிமலைக் கடற்கரைக்குப் போனேன். மீனுக்குத் தீர்த்தம் எடுக்கப் போற ஆளை இப்பதான் பார்க்கிறன் என்று அண்ணை வழி நெடுகச் சிரித்தார். பிறகு, என் மனைவியை நினைத்துச் சொன்னார்:

"மச்சாளுக்கு நீ ஒருநாளும் இப்பிடி ஓடித் திரியேல்லையடா."

நான் கான்களின் மூடியை இறுக்கினேன்.

அவளுடைய சாம்பலைக் கரைத்ததும் அந்தக் கரையில்தான். வேறு ஒரு குடும்பம் ஐயரோடு நின்றது. அவர்கள் கரைக்கும்வரை நின்றுவிட்டு, கொஞ்சம் தள்ளிப் போய்க் கானை அமிழ்த்தினேன். அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை. கானுக்குள் மண் போகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்து தொட்டியில் ஊற்றுவதற்கு முதல் மகன் தொலைபேசியில் எடுத்தான். தண்ணீர் எங்கே எடுத்தது என்று கேட்டான். சொன்னேன்.

"அங்கை கடலுக்குள்ளையும் நல்ல தண்ணி ஊறுது அப்பா. உப்புக் காணாது. அளந்து பாருங்கோ."

அளந்தேன். குறைவுதான். பிறகு அவன் கேட்டான்.

"அம்மாவைக் கரைச்ச இடமோ?"

"ஓம்."

அந்த நாலு கானையும் எங்கே ஊற்றுவதென்று தெரியாமல் விறாந்தையில் வைத்திருந்தேன். பல நாள் அப்படியே நின்றன.

கடைசியில் அவன் சொன்னது, சந்திக்குப் பக்கத்தில் வடிகட்டிய குடிதண்ணீர் விற்கும் இடத்தை. சனங்கள் கானோடு வரிசையில் நிற்பார்கள். அந்தத் தண்ணீருக்கு மருந்து விட்டபோது நிறம் மாறவில்லை. அவன் வாங்கி வைத்திருந்த உப்பை அதில் அளந்து கரைத்து, பாதித் தண்ணீரை மாற்றினேன். வற்றினால் அதையே உப்பில்லாமல் விட்டேன். மெல்ல மெல்ல முருகைகள் விரிந்தன.

தண்ணீர் சரியானதும் அழைப்புக் குறைந்தது. தொட்டி எப்படி என்பான், நல்லது என்பேன், சரியப்பா என்று வைப்பான். பிறகு அதுவும் கிழமைக்கு ஒன்று. சந்தையால் வந்து மீன்களுக்குத் தீன் போட்டுவிட்டு இருப்பேன். எனக்கு அது கவலையாகவும் இல்லை, வேறு ஏதாகவும் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை எடுத்தவன், வைக்கப்போகிற நேரத்தில் கேட்டான்.

"அப்பா, நீங்கள் எந்தத் தண்ணி குடிக்கிறியள்?"

"கிணத்துத் தண்ணிதான்."

"மீனுக்கு ஆகாதெண்டு சொன்ன தண்ணியல்லோ அது?"

எனக்குப் பழகிவிட்டது என்றேன்.

"நாளைக்கு உங்களுக்கும் ஒரு கான் எடுங்கோ. நான் எடுத்துக் கேப்பன்."

மறுநாள் வரிசையில் இரண்டு கானோடு நின்றேன். பொழுதுபட அவன் எடுத்தான்.

"குடிச்சனியளோ?"

"ஓம்."

"எப்பிடி இருக்கு?"

"ருசியில்லை."

அவன் சிரித்தான். வைக்கவில்லை. மத்தியானம் என்ன சமைத்தேன் என்று கேட்டான். சோறும் ஒரு பருப்புக்கறியும் என்றேன். பருப்புக்கு என்ன போட்டேன் என்று கேட்டான். அதையும் சொன்னேன்.

2025 மாசி 13, வியாழக்கிழமை.