மாட்டுக்கொட்டகையில் கொடுத்த காபி

2012 பிப்ரவரி 12, ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழு மணி பத்து நிமிடம். தை மாதத்தின் கடைசி ஞாயிறு. பனி விலகவில்லை. அறுவடை முடிந்த வயல்களின் தாள்மேல் அது வெள்ளையாகப் படிந்திருந்தது. நீடாமங்கலம் சாலையில் இருபதடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. நானும் என் அக்காவும் பெரிய வீட்டின் முன்வாசலில் நின்றிருந்தோம். எனக்கு எழுபத்திரண்டு வயது, அக்காவுக்கு எழுபத்தெட்டு. சேர்த்தால் நூற்றைம்பது. அந்த வாசலுக்கு ஐந்து படிகள். அதில் ஒரு படியில்கூட அக்காவின் கால் அதுவரை பட்டதில்லை.

எங்கள் அப்பா அந்த வீட்டுப் பண்ணையாள். எங்களுக்கு வழி, பின்னால் உள்ள கொல்லைச் சந்து. சந்தில் நுழைந்தால் மாட்டுக்கொட்டகை. கூலி நெல்லை அங்கேதான் அளப்பார்கள். வேலை நாட்களில் கஞ்சியும் அங்கேதான். வீட்டு ஆள் மேலிருந்து ஊற்றுவான். நாங்கள் கொட்டாங்கச்சியில் பிடித்துக் குடிப்போம். குடித்ததும் அவரவர் கொட்டாங்கச்சியை அவரவரே கழுவி, கொட்டகைக் கூரையின் தாழ்ந்த விளிம்பான எரவாணத்தில் கவிழ்த்துச் செருகிவிட வேண்டும். மறுநாள் அதே இடத்தில் எடுத்துக்கொள்ள வேண்டும். பதினெட்டுக் குடும்பங்கள். எங்களுடையது கிழக்கேயிருந்து மூன்றாவது மூங்கில். அங்கே எங்கள் வீட்டுக் கொட்டாங்கச்சிகள் நான்கு இருந்தன. நான்காவது என்னுடையது, சின்னது.

நான் பள்ளிக்கூடம் போய், விடுதியில் தங்கிப் படித்து, ஓவர்சியராகிவிட்டேன். அக்கா நடவுக்கே போனாள். கூலி நெல்லைக் கலத்துக்கு அரைப்படி கூட்டிக் கேட்டு ஊரே வேலைக்குப் போகாமல் இருந்த இரண்டு அறுவடைகளிலும் கொடியைப் பிடித்துக்கொண்டு வரப்பில் நின்றவள் அவள். வெளியூரிலிருந்து லாரியில் ஆள் இறக்கினார்கள், தடியடி நடந்தது, அவளுடைய இடது மணிக்கட்டு இன்றைக்கும் முழுதாகத் திரும்பாது. பிறகு ஆட்சி மாறியது. உச்சவரம்புச் சட்டம் வந்தது. பெரிய வீட்டுக்காரர்கள் சமையற்காரர் பெயரிலும் பிறக்காத பேரன் பெயரிலும் நிலத்தை எழுதிப் பார்த்தார்கள். ஒன்றும் நிற்காமல் விற்றுவிட்டுச் சென்னைக்குப் போனார்கள். அக்கா மூன்று மா, ஏறக்குறைய ஒரு ஏக்கர் நிலம் வாங்கினாள். வீடு முப்பத்தொரு வருஷம் பூட்டிக் கிடந்தது.

அதைத்தான் அந்த வீட்டுப் பேரன் தங்கும் விடுதியாக மாற்ற வந்தான். கூடவே சென்னையிலிருந்து ஒரு கட்டடக்கலைப் பெண். பழமை கெடக்கூடாது, கட்டடம் சும்மாவும் கிடக்கக்கூடாது, பூமிக்கும் பாரமாக இருக்கக்கூடாது: இது அவர்களுடைய மூன்று வாக்கியங்கள். இந்த மூன்றையும் எட்டு மாதத்தில் நான் நூறு தடவைக்கு மேல் கேட்டிருப்பேன். சுண்ணாம்புப் பூச்சு தெரிந்த ஆள் வேண்டுமென்று என்னைத் தேடி வந்தார்கள். நான் ஒரே ஒரு நிபந்தனை வைத்தேன். திறப்பு நாளில் என் அக்கா முன்வாசல் வழியாக வருவாள். நாற்காலியில் உட்கார்ந்து ஒரு வாய் காபி குடிப்பாள்.

பேரன் சிரித்தான். "இதெல்லாம் ஒரு கண்டிஷனா சார்? பாட்டிக்கு டிபனே போட்டுடலாம்."

டிபன் வேண்டாம், காபி போதும் என்றேன். அக்காவிடம் அன்று சாயங்காலமே சொன்னேன். "சும்மா கெட, என்னை யாரு கூப்பிடப் போறா?" என்றாள். ஆனால் அதற்குப் பிறகு மாதத்துக்கு நாலு தடவையாவது, "என்னடா, அந்த வூட்டு வேல முடிஞ்சுதா?" என்று கேட்காமல் விட்டதில்லை.

வேலை முடிந்த லட்சணத்தையும் சொல்ல வேண்டும். அந்த வீட்டில் இருந்தவை எட்டு மரத்தூண்கள். ஒன்றில் கரையான். 'எட்டும் எளிமையா இருக்கு, பாரம்பரியம் தெரியலை' என்று சொல்லி, காரைக்குடிப் பக்கம் இடித்த வீடுகளிலிருந்து பதினான்கு தூண்கள் வாங்கி வந்தார்கள். யாரோ ஒருவர் வீட்டுப் பழமையைப் பெயர்த்து இன்னொருவர் வீட்டுக்குப் பழமையாக நட்டார்கள். நெல் கொட்டும் பத்தாயத்தை அறுத்து, வருகிறவர்கள் பெயர் எழுதும் மேஜையாக்கினார்கள். சுண்ணாம்பில் சேர்க்கும் கடுக்காய்த் தண்ணீரைப் புளிக்கவிடப் பன்னிரண்டு நாள் கேட்டேன். நாலு நாளில் பூசச் சொன்னார்கள், சுவர் வெடித்தது. வெடிப்பும் அழகாக இருக்கிறது என்று அதை அப்படியே விட்டுவிட்டார்கள். முற்றத்து மழைநீரைத் தொட்டியில் சேர்த்தது ஒன்றுதான் நான் பார்த்த உருப்படியான காரியம். அதற்குள்ளும் திறப்பு விழாவுக்கென்று தாமரையைப் போட்டுக் கொசு வளர்த்தார்கள்.

மாட்டுக்கொட்டகையைச் சாப்பாட்டுக்கூடமாக்கினார்கள். கீற்றுக்கூரை பழைய உயரத்திலேயே இருக்க வேண்டும் என்றாள் அந்தப் பெண். பழைய உயரம் யாருக்குத் தெரியும்? எனக்குத் தெரியும். தரையிலிருந்து எரவாணத்துக்கு ஐந்தடி நாலு அங்குலம். நானே டேப்பைப் பிடித்து அளந்து கொடுத்தேன். மூங்கிலுக்கு மூங்கில் இடைவெளியையும் சொன்னேன். எப்படிச் சார் இவ்வளவு கரெக்டா ஞாபகம் இருக்கு என்று அவள் வியந்தாள். நான் டேப்பைச் சுருட்டினேன்.

ஜனவரிக் கடைசியில் நாலு சாக்கு மூட்டை வந்தது. உள்ளே மெருகேற்றி எண்ணெய் பூசிய கொட்டாங்கச்சிகள், அடியில் வட்டமாக ஒரு கால் வைத்தவை. வந்து இறங்கும் சாமான்களை எண்ணி எழுதும் பதிவேடும் என் பொறுப்பு. எண்ணினேன். நூற்றிருபது. இரண்டில் விரிசல், அவற்றைத் திருப்பி அனுப்பிவிட்டு, நூற்றுப்பதினெட்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். செடி வைக்கவோ விளக்கு வைக்கவோ இருக்கும் என்று நினைத்தேன். இல்லை, அது பொய். நான் எதையும் நினைக்கவில்லை. விரிசல் இருக்கிறதா என்று மட்டும்தான் பார்த்தேன். நாற்பது வருஷம் ஜல்லியும் சிமென்ட் மூட்டையும் எண்ணிய கண்ணுக்கு அவ்வளவுதான் தெரிந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

அக்கா மாம்பழ நிறத்தில் புதுப்புடவை கட்டியிருந்தாள். முதற்படியில் நின்றுகொண்டு, "எந்தக் கால வைக்கிறதுடா?" என்றாள்.

"எந்தக் காலை வேணா வை."

"நீ சொல்லுவ. கல்யாணமாயி எம்மாமியார் வூட்டுக்குப் போனப்பக்கூட எனக்குக் கால் இப்படி நடுங்கல. அது கூரை வூடு, குனிஞ்சு போனாப் போதும்." வலதுகாலை வைத்தாள். ஐந்து படியும் ஏறி நிமிர்ந்து பார்த்து, "இவ்வளவுதானா?" என்றாள். நான் எட்டு மாதம் அந்தத் தூண்களைச் சகித்துக்கொண்டது அந்த ஒரு வார்த்தைக்காகத்தான்.

பேரன் ஓடி வந்து கும்பிட்டான். "வாங்க பாட்டி, வாங்க. சார், எல்லாரும் பின்னாடி டைனிங்ல இருக்காங்க. அப்படியே நேரா வந்துடுங்க."

கூடத்தில் நாற்காலிகள் இருந்தன. இங்கேயே உட்காரட்டுமே என்றேன். "இங்க போட்டோ எக்ஸிபிஷன் சார், சாப்பாடு அலவ்டு இல்ல" என்றான். நேராக நடந்தோம். முன்வாசலிலிருந்து கொல்லை வாசலுக்கு அறுபத்திரண்டு அடி. அக்கா சுவரைத் தொட்டுத் தொட்டு நடந்து, பின்வாசலைத் தாண்டி, கொட்டகைக்குள் வந்து நின்றாள். சாணி மெழுகிய இடத்தில் செட்டிநாட்டு ஆத்தங்குடிக் கல் பதித்த சிவப்புத் தரை. ஆத்தங்குடி எங்கே, மாட்டுக்கொட்டகை எங்கே! சுமார் நாற்பது பேர், பாதிக்குமேல் சென்னைக்காரர்கள். கட்சிக்கரை வேட்டி கட்டிய உள்ளூர்ப் பிரமுகர்கள் இரண்டு பேர், வேறு வேறு கரை, ஒரே பெஞ்சில் பொங்கல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

அக்காவையும் என்னையும் நாற்காலியில் உட்காரவைத்தார்கள். தலைப்பாகை கட்டிய பையன் ஒருவன் தட்டை நீட்டினான். தட்டில் கொட்டாங்கச்சி. கொட்டாங்கச்சியில் காபி.

நான் பார்த்தேன். எழுந்து தட்டிவிட்டிருக்க வேண்டும். எழவில்லை. பக்கத்து மேஜைகளில் எத்தனை இருக்கிறதென்று என் கண் எண்ணிக்கொண்டிருந்தது. முப்பத்தேழு. அருவருப்பு அவர்கள்மேல் வருவதற்கு முன்னால் என்மேல்தான் வந்தது. அவற்றில் ஒவ்வொன்றும் என் விரல் பட்டுப் போனது.

அக்கா இரண்டு கையாலும் வாங்கினாள். குடித்தாள். குடித்து முடித்ததும் எழுந்தாள். சுவரோரம் கைகழுவும் குழாய். அங்கே போய்க் கொட்டாங்கச்சியை மூன்று தரம் அலசினாள். திரும்பினாள். நிமிர்ந்து பார்த்துக் கையை உயர்த்தி, கிழக்கேயிருந்து மூன்றாவது மூங்கிலில் அதைக் கவிழ்த்துச் செருகினாள். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அவள் மனசுக்கே தெரியாமல் உடம்பு அதைச் செய்துவிட்டது. செருகிய பிறகுதான் தெரிந்தது போலிருக்கிறது. கை அங்கேயே நின்றுவிட்டது.

"பாட்டி, சூப்பர்! கையை எடுக்காதீங்க, அப்படியே!" கட்டடக்கலைப் பெண்ணின் கையில் கேமரா. "இன்னொண்ணு, பாட்டி. இங்க பாருங்க."

அக்கா அங்கே பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.

"ஏண்டா, முன்னால கூட்டியாந்து பின்னால வுட்டுட்டியேடா."

யாரோ சிரித்தார்கள், பாட்டி ஜோக் அடிக்கிறாள் என்று நினைத்து. அக்கா புடவைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டு கொல்லைச் சந்து வழியாகவே வெளியே நடந்தாள். நான் பின்னால் ஓடினேன். பேருந்து வர நாற்பது நிமிடம் ஆயிற்று. ஏறும்போது மட்டும், "இருபது நாளா எந்தப் பொடவ கட்டுறதுன்னு ரோசன பண்ணேன்" என்றாள்.

மறுநாள் போய்ப் பேரனிடமும் அந்தப் பெண்ணிடமும் எல்லாவற்றையும் சொன்னேன்: கஞ்சி, எரவாணம், பதினெட்டுக் குடும்பம்.

"அதெல்லாம் எப்பவோ நடந்தது சார்" என்றான் பேரன். "இப்ப இது எக்கோ பிரெண்ட்லி. வர்றவங்க யாருக்கும் இந்த மேட்டரே தெரியாதே."

"எனக்குத் தெரியுமே."

"சார், ரிஜிஸ்டர்ல நீங்கதானே எண்ணி வாங்கியிருக்கீங்க?"

அந்தப் பெண்ணின் முகம் வெளுத்துவிட்டது. "என்கிட்ட நீங்க சொல்லவே இல்லையே சார்" என்றாள். அது உண்மை. எட்டு மாதம் அவள் பக்கத்தில் நின்று, கடுக்காய் எத்தனை கிலோ, கருப்பட்டி எத்தனை கிலோ என்று சொல்லிக்கொடுத்தவன் நான். இந்த ஒன்றை ஒளித்தேன். ஓவர்சியர் சார் என்று கூப்பிடுகிற வாயில் அந்த 'சார்' இல்லாமல் போய்விடுமோ என்ற பயம். இதைக் காட்டிலும் அருவருப்பான கணக்கு நான் போட்டதில்லை.

காசு கொடுத்து வாங்கிய சாமான், தூக்கிப் போட முடியாது என்று பேரன் பணிவாகச் சொன்னான். சரி, நான் வாங்கிக்கொள்கிறேன் என்றேன். வாங்கின விலைக்கே கொடுத்தான், லாபம் வைக்கவில்லை. அதையும் பெருமையாகச் சொல்லிக்கொண்டான். விருந்தாளிகள் எதில் குடிப்பார்கள் என்று கேட்டான். எவர்சில்வர் டம்ளர் நூற்றிருபது வாங்கி வைத்தேன். மூட்டைகளை ஆட்டோவில் அக்கா வீட்டு வாசலில் இறக்கினேன். அவள் ஒரு மூட்டையை அவிழ்த்துப் பார்த்தாள்.

"எண்ணெய் தடவியிருக்கான். நல்லா எரியும்" என்றாள். அதற்குப் பிறகுதான் என்னோடு மறுபடி பேச ஆரம்பித்தாள். மாசி முழுக்க அவள் வீட்டு வெந்நீர் அதில்தான் கொதித்தது.

ஏப்ரலில், விடுதியில் சமையல் செய்யும் எங்கள் தெருப் பெண் சொன்னாள்: "மாமா, புதுக் கொட்டாங்கச்சி வந்துட்டு. முன்னதவிடப் பெருசு. நீங்க குடுத்த டம்ளருல வேலக்காரங்க நாங்க குடிக்கிறோம்." சற்று நின்று, "உங்க அக்கா படத்தக்கூட மாட்டியிருக்காங்க, முன்கூடத்துல" என்றாள்.

போய்ப் பார்த்தேன். மூன்றடிக்கு இரண்டடி, தேக்குச் சட்டம். உயர்த்திய கை, மூங்கில், கொட்டாங்கச்சி. கீழே 'மாறாத மரபு' என்று எழுதியிருந்தது. கழற்றச் சொன்னேன். சட்டம் விலை அதிகம் சார் என்றான் பேரன். கட்டடக்கலைப் பெண் வேலையை முடித்துக்கொண்டு சென்னைக்குப் போய்விட்டாளாம். நான் பணப்பையைத் திறந்தேன்.

படத்தைத் துணியில் சுற்றி அக்காவிடம் கொண்டுபோனேன். பிரித்து வெகுநேரம் பார்த்தாள். "பொடவ நல்லா வுழுந்திருக்கு" என்றாள். பிறகு அரிவாள்மணையை இழுத்து, படத்தைச் சட்டத்திலிருந்து பிரித்து, எரவாணம் தெரிகிற மேல்பாதியை, உயர்த்திய கையையும் சேர்த்து அறுத்தாள். முகமும் புடவையும் உள்ள கீழ்ப்பாதியை மட்டும் சுவரில் சாய்த்து வைத்தாள். மேல்பாதி அடுப்புக்குப் போனது.

கொட்டாங்கச்சி நூற்றுப்பதினெட்டு, ஒன்று தொண்ணூற்றைந்து வீதம், பதினோராயிரத்து இருநூற்றுப் பத்து. டம்ளர் நூற்றிருபது, நாற்பத்துமூன்று வீதம், ஐயாயிரத்து நூற்று அறுபது. ஆட்டோ முந்நூற்றைம்பது. சட்டம் போட்ட படம் இரண்டாயிரத்து நானூறு. என் அக்காவுக்கு அந்த வீட்டில் ஒரு வாய் காபி வாங்கிக்கொடுத்த வகையில் மொத்தம் பத்தொன்பதாயிரத்து நூற்று இருபது ரூபாய்.