செம்மறி இறைச்சிக்கு ஒரு சனிக்கிழமை

அந்த வேலைக்கு என்னை எடுத்ததற்கு முதற்காரணம் நான் தமிழ் பேசுவது. நேர்முகத்திலேயே அதை மறைக்காமல் சொன்னார்கள். செம்மறி வளர்க்கும் விவசாயிகளின் சங்கம் அது. ஒருவர் தன் ஆட்டை விற்கும்போதெல்லாம் விலையில் ஒரு சிறு பகுதி கழிந்து சங்கத்துக்கு வந்துவிடும். லெவி என்பார்கள். விரும்பினால் கொடுக்கலாம் என்ற கதையே இல்லை, எல்லாரும் கட்டியே ஆகவேண்டும். அந்தக் காசில்தான் கனடியச் செம்மறி இறைச்சிக்கு நாடு முழுக்க விளம்பரம் நடந்தது. ஸ்காபரோவில் ஆட்டிறைச்சி சாப்பிடும் சனம் இவ்வளவு இருந்தும், கடல் கடந்து உறைந்து வரும் வெள்ளாட்டு இறைச்சிப் பெட்டிகளைத்தானே வாங்குகிறார்கள் என்பது சங்கத்தின் கவலை. அதை மாற்றுவது என் பொறுப்பு.

முதல் நிகழ்ச்சி ஸ்காபரோவின் வெக்ஸ்போர்ட் பகுதியில் ஒரு தமிழ் இறைச்சிக்கடையில். கடைக்குள் மேசை போட்டு, சமைத்த இறைச்சியைச் சுவைக்கக் கொடுத்து, சமையல் குறிப்பு அச்சடித்த தாளைக் கையில் கொடுத்தனுப்புவது ஏற்பாடு. அலுவலகத்தில் வெள்ளிக்கிழமை என்று முடிவு செய்தார்கள். வெள்ளிக்கிழமை எங்கள் ஆட்களில் பாதிப்பேர் மச்சம், அதாவது மீனோ இறைச்சியோ, தொடமாட்டார்கள் என்று அந்த அறையில் தெரிந்திருந்தவள் நான் ஒருத்திதான். வேலைக்குச் சேர்ந்து மூன்று கிழமைதான் ஆகியிருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை.

அன்று மேசையில் ரோஸ்மேரி இலை தூவி வாட்டிய தொடை இறைச்சி இருந்தது. அதை நானும் சுவைத்துப் பார்க்கவில்லை. நானும் வெள்ளி விரதம்.

"வெள்ளிக்கிழமையில ஆர் பிள்ளை இறைச்சி தின்னுறது?" என்று ஒரு அன்ரி சிரித்தார். மறுநாள் சமையலுக்கு வாங்க வந்தவர். தட்டைக் குனிந்து பார்த்து மூக்கைச் சுளித்து, "உது என்ன, செம்மறியோ? ஐயோ, அது மணக்கும்" என்று சொல்லிவிட்டு, உறைந்த வெள்ளாட்டு இறைச்சியில் ஒரு பெட்டி எடுத்துக்கொண்டு போனார். பின்னேரம் வரைக்கும் அதே கதைதான். மிச்சத் தாள்களைக் காரில் ஏற்றும்போது கடைக்கார அண்ணை வந்து உதவி செய்தார். "தங்கச்சி, உங்கட ஆக்கள் ஒருக்காலும் எங்களிட்டக் கேக்கேல்லை. நீங்களாவது கேட்டிருக்கலாம்" என்றார்.

அந்தச் சொல் சுட்டது. ஆனால் அது சரியான சொல்.

பத்து நாள் கழித்து சங்கத்தின் பொதுக்கூட்டம். ஒஷாவாவுக்கு வடக்கே ஒரு மண்டபத்தில் நடந்தது. என் அறிக்கையை வாசித்து முடித்ததும் நடுவரிசையில் ஒரு பெண் எழுந்தார். அறுபது வயதைத் தாண்டியவர், கணவர் இறந்தபிறகு தனியாகப் பண்ணை நடத்துபவர் என்று பிறகு அறிந்தேன்.

"இத்தனை வருசமாக என் ஒவ்வொரு ஆட்டுக்கும் லெவி கழித்திருக்கிறீர்கள். அதனால் என் இறைச்சியை வாங்கிய ஒரேயொரு ஆளை எனக்குக் காட்டுங்கள்" என்றார்.

"என்னால் காட்ட முடியாது" என்றேன். "பிழையான நாளில், பிழையான சாப்பாட்டை வைத்தோம். எனக்குத் தெரிந்திருந்தும் நான் சொல்லவில்லை. எனக்கு ஒரு சனிக்கிழமை தாருங்கள். நீங்களும் வாருங்கள், நேரில் பாருங்கள்."

"வருவேன்" என்றார் அவர். "ஆனால் அடுத்த கூட்டத்தில் விளம்பரச் செலவை நிறுத்தச் சொல்லித் தீர்மானம் கொண்டுவருவதாகத்தான் இருக்கிறேன்."

அதற்குப்பிறகு எங்கள் வீட்டில் மூன்று கிழமையாகச் செம்மறிதான். மணம் கொழுப்பில்தான் இருக்கிறது என்று கண்டுபிடித்தேன். கொழுப்பை நன்றாக வழித்து எடுத்து, இளம் ஆட்டின் தோள் பகுதியை எலும்போடு சிறிதாக வெட்டி, எங்கள் கறித்தூளும் பெருஞ்சீரகமும் போட்டுப் பிரட்டினேன். "இண்டைக்கும் செம்மறியோ?" என்று கேட்ட கணவரே ஒருநாள் இரண்டாந்தரம் போட்டுச் சாப்பிட்டார். குறிப்பைத் தமிழில் எழுதி அலுவலகத்தில் கொடுத்தேன். புதிதாக அச்சடிக்க முடியாது என்றார்கள். நானே போட்டோக் கொப்பி எடுத்தேன்.

சனிக்கிழமை காலை அந்தப் பண்ணைக்காரப் பெண் சேறு படிந்த காரில் வந்து இறங்கினார். கடைக்கார அண்ணை மின்வாளில் அவருடைய பண்ணை ஆட்டின் ஒரு முழுத் தோளைச் சிறு துண்டுகளாக அறுக்கத் தொடங்கியதும் அவர் முகம் சுருங்கிவிட்டது. "இவ்வளவு நல்ல தோளை இப்படியா வெட்டுவது?" என்று என் காதுக்குள் கேட்டார். "எலும்பு இல்லாவிட்டால் எங்களுக்கு அது கறியே இல்லை" என்றேன்.

மேசையைச் சுற்றிச் சனம் நின்றது. பக்கத்து டோர்செட் பார்க் பகுதியிலிருந்து வந்த ஒரு அங்கிள் முதலில் ஒரு துண்டை வாயில் போட்டு, நேரமெடுத்து மென்றார்.

"பிழையில்லை. உப்புக் காணாது."

"இது செம்மறி, அங்கிள்" என்றேன்.

"உண்மையாவோ?" என்று இன்னொரு துண்டு எடுத்தார். பக்கத்தில் நின்ற பண்ணைக்காரப் பெண்ணைக் காட்டி, "இவ ஆர்?" என்று கேட்டார். ஆடு வளர்ப்பவர் என்றதும் அவர் ஆங்கிலத்துக்கு மாறிவிட்டார். என்ன தீனி, குளிரில் எங்கே கட்டுவது, குட்டிகள் எத்தனை தப்பும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அந்தப் பெண் கையை ஆட்டி ஆட்டி விளக்கினார். அங்கிள் போகும்போது தோள் இறைச்சி வாங்கிக்கொண்டு போனார். எல்லாரும் வாங்கவில்லை. சுவைத்தவர்களில் பலர் தலையை ஆட்டிவிட்டு வழக்கமான பெட்டியையே எடுத்தார்கள். ஆனாலும் அண்ணை உள்ளே போய் இன்னொரு தோளைக் கொண்டுவர வேண்டியிருந்தது.

புறப்படும்போது அந்தப் பெண் கைகழுவி, ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். தீர்மானத்தைக் கொண்டுவருவாரா மாட்டாரா என்று எனக்குத் தெரியவில்லை.

அடுத்த கூட்டத்தில் தீர்மானத்தை வேறொருவர்தான் கொண்டுவந்தார். அதன்மேல் அந்தப் பண்ணைக்காரப் பெண் எழுந்து பேசினார். "லெவியை நான் இன்னும் விரும்பவில்லை. ஆனால் எடுக்கத்தான் போகிறீர்கள் என்றால், சாப்பிடுகிற ஆட்களிடம் கேட்டுவிட்டுச் செலவழியுங்கள். என் இறைச்சியை வாங்கிய ஒரு மனிதரோடு நான் பேசியிருக்கிறேன்." தீர்மானம் மயிரிழையில் தோற்றது. எனக்கு இன்னும் ஒரு வருடம் வேலை கிடைத்தது. தமிழ்க் குறிப்பை அச்சடிக்கவும் சம்மதித்தார்கள்.

மண்டப வாசலில் நின்றே கடைக்கார அண்ணைக்கு ஃபோன் எடுத்தேன்.

"உறைஞ்ச பெட்டியை நான் நிப்பாட்ட மாட்டன், தங்கச்சி" என்றார்.

"நிப்பாட்ட வேண்டாம் அண்ணை. அதுக்குப் பக்கத்தில செம்மறிக்கு ஒரு தட்டு தாங்கோ. மிச்சத்தை நான் பாக்கிறன்."

"ஓம், வாங்கோ. சனிக்கிழமை."