அப்பா இருக்கும் ஊருக்கு ஒரு விமானம்

என் தம்பி தன் காலால் நடந்தது ஆறாம் வகுப்பு வரைக்கும்தான். உடம்பின் தசைகள் ஒவ்வொன்றாகச் சோர்ந்துகொண்டே போகும் நோய் அவனுக்கு. மதுரையில் டாக்டர் அதை எங்களுக்குச் சொன்ன அன்று அப்பா ஊரில் இல்லை. அப்பாவுக்குக் காலண்டர் ஆர்டர் எடுக்கும் வேலை. ஆடி பிறந்ததும் மாதிரிகள் அடைத்த பையைத் தூக்கிக்கொண்டு ரயிலேறினால் நாக்பூர், ராய்ப்பூர், ராஞ்சி என்று போய்க்கொண்டே இருப்பார். தீபாவளிக்கு வந்து தலையைக் காட்டிவிட்டு மறுபடி கிளம்புவார். சீசன் முடிந்த பிறகும் டைரி, லேபிள் என்று ஏதாவது ஓர் ஆர்டர் அவரைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும்.

நான் சிவகாசியில் ஓர் ஆப்செட் அச்சகத்தில் வேலை பார்த்தேன். வெடிப் பெட்டிகளுக்கு லேபிள் வடிவமைக்கும் வேலை. அச்சகத்தில் புது மிஷின்கள் வந்தபோது, முதலாளி ஒரு பழைய கம்ப்யூட்டரை, "வீட்டுக்குக் கொண்டு போம்மா, தம்பிக்குப் பொழுது போகும்" என்று கொடுத்துவிட்டார். அதோடு ஒரு அட்டைப்பெட்டி நிறையக் குறுந்தகடுகளும் வந்தன. வெளிநாடு போய்விட்ட அவர் மகன் விட்டுச் சென்றவை. அவற்றில் ஒன்று விமானம் ஓட்டும் விளையாட்டு. அதை ஓட்டப் பிடிக்கும் குச்சியான ஜாய்ஸ்டிக்கும் பெட்டியின் அடியில் கிடந்தது.

விளையாட்டு என்று நான்தான் சொல்வேன். தம்பிக்கு அந்தச் சொல் பிடிக்காது. அதில் யாரையும் சுட வேண்டியதில்லை, ஜெயிக்க வேண்டியதும் இல்லை. இஞ்சினைக் கிளப்பி, ஓடுபாதையில் ஓடி, மேலே ஏறி, உண்மையான விமானம் எவ்வளவு நேரம் எடுக்குமோ அவ்வளவு நேரமும் பறந்து, இறங்க வேண்டும். அவ்வளவுதான். உலகத்தில் உள்ள விமான நிலையம் எல்லாம் அதில் இருந்தன. மதுரை இருந்தது. நாக்பூர் இருந்தது. சிவகாசி இல்லை. மதுரையில் ஏறித் தெற்கே திரும்பினால் வெறும் பச்சையும் பழுப்புமாகத் தரை ஓடும். அதில் எங்கோ நீலமாக ஒரு பொட்டுத் தெரிந்தால், "ஆனைக்குட்டம் டேம் வந்துட்டு, இந்தா நம்ம வீடு" என்று சொல்லிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வடக்கே போவான்.

வடக்கே போவது அப்பாவைப் பார்க்க. அப்பா சாயங்காலம் லாட்ஜுக்குத் திரும்பியதும் எங்கள் வீட்டுக்குப் போன் செய்வார். போனை நான் தம்பியின் காதில் பிடிப்பேன்.

"அப்பா, இன்னைக்கு எங்கன இருக்கீக?"

"ராஞ்சிக்கு வந்துட்டேன்லே. நல்ல மழை."

"அப்ப நாளைக்கு வாரேன். மழைன்னா ரன்வே தெரியாது. கருவிய வச்சுத்தான் இறங்கணும்."

"பாத்து வாலே. அங்கன மலை கெடக்கு."

மறுநாள் முழுக்க அவன் ராஞ்சிக்குப் பறப்பான். அம்மா நடுவில் வந்து நாற்காலியில் சாய்ந்திருக்கும் முதுகை நிமிர்த்திவிட்டுப் போவாள். சாயங்காலம் நான் வேலை முடிந்து வரும்போது இறங்கப் போகிற கட்டத்தில் இருப்பான். இறங்கியதும் அந்தப் பயணத்தை ஊர் பேரோடு சேமித்து வைப்பான். 'ராஞ்சி அப்பா', 'நாக்பூர் அப்பா' என்று கம்ப்யூட்டருக்குள் அப்பா ஊர் ஊராக இருந்தார்.

ஒரு புரட்டாசியில், இடி மின்னலோடு பெய்த மழைக்குப் பிறகு அந்தக் கம்ப்யூட்டர் கிளம்பவே இல்லை. விருதுநகரிலிருந்து சர்வீஸ் செய்கிறவரை வரச் சொன்னேன். அவர் திறந்து பார்த்து, "மதர்போர்டு போயிருச்சுக்கா. இந்த மாடல் இப்ப எங்கயும் கெடைக்காது. புதுசுதான் வாங்கணும். ஹார்ட் டிஸ்க் தப்பிச்சிருச்சு, உள்ள இருக்குறதெல்லாம் எடுத்துறலாம்" என்றார்.

தம்பி அவரிடம் கேட்டது ஒன்றுதான். "என் பிளைட் ஓடுமா?"

"புது ஓ.எஸ். வருது தம்பி. பழைய புரோகிராமெல்லாம் அதுல ஓடும்னு உறுதியா சொல்ல முடியாது. பாப்போம்."

புதுக் கம்ப்யூட்டர் வந்தது. திரை தட்டையாக, அகலமாக இருந்தது. அம்மா அதற்கு மஞ்சள் குங்குமம் வைத்தாள். சர்வீஸ்காரர் பழைய ஹார்ட் டிஸ்கைப் புதியதோடு இணைத்து, சேமித்திருந்த பயணங்களை எல்லாம் இந்தப் பக்கம் இழுத்துக் கொடுத்துவிட்டுப் போனார். விமான விளையாட்டை அதில் ஏற்றுவது என் பொறுப்பாயிற்று.

குறுந்தகட்டைப் போட்டால் பாதி வரை போய் நின்றுவிடும். 'இந்த மென்பொருள் இதில் இயங்காது' என்று ஒரு பெட்டி வரும். மதியச் சாப்பாட்டு நேரத்தில் பிரவுசிங் சென்டருக்குப் போய் உட்கார்ந்து தேடினேன். எங்கெங்கோ இருக்கிற மனிதர்கள் இதே சங்கடத்தை எழுதி வைத்திருந்தார்கள். பழைய ஓ.எஸ். இயங்குதளத்திலேயே ஓடுவதாக அந்த விளையாட்டை நம்பவைக்க ஒரு வழி இருந்தது. அதற்கு மேலே போட ஒரு திருத்தக் கோப்பும் கிடைத்தது. எல்லாவற்றையும் சிடியில் எழுதிக்கொண்டு வந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, விஸ்வநத்தம் பக்கம் யாரோ வெடி சோதித்துப் பார்க்கும் சத்தம் விட்டு விட்டுக் கேட்டுக்கொண்டிருந்தபோது, திரையில் மதுரை ஓடுபாதை வந்தது. இஞ்சின் சத்தமும் வந்தது. தம்பி கண்ணை மூடிக்கொண்டு அந்தச் சத்தத்தைக் கேட்டான்.

"அதேதான்" என்றான்.

ஜாய்ஸ்டிக்தான் மிச்சம். பழையதன் ஒயர் நுனியில் இரண்டு வரிசை ஊசிகளோடு அகலமான முனை இருந்தது. புதுக் கம்ப்யூட்டரின் பின்பக்கத்தில் அதற்கு இடமே இல்லை. அப்பாவிடம் சொன்னோம். நாக்பூரில் தேடிப் பிடித்து, தீபாவளிக்கு வரும்போது புதிதாக ஒன்று வாங்கி வந்தார். கறுப்பாக, கனமாக, நிறையப் பொத்தான்களோடு இருந்தது. அதை மேஜையில் வைத்துவிட்டு, மகன் பறப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று ஆசையாக நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

விமானம் ஓடுபாதையில் ஓடியது. தூக்க வேண்டிய இடத்தில் தூக்கவில்லை. பாதை முடிந்து புல்லில் போய் நின்றது. தம்பி திரும்பவும் கொண்டுவந்து நிறுத்தினான். இந்த முறை லேசாக எழும்பி, ஒரு பக்கம் சரிந்து விழுந்தது.

"புதுசுப்பா, ரொம்ப இறுக்கமா இருக்கு" என்றான். "பழகணும்."

"பழகிருவலே" என்றார் அப்பா.

தீபாவளி கழிந்து அப்பா கிளம்பிப் போனார். நான் ஜாய்ஸ்டிக்கின் அடியில் திருகைக் கழற்றி உள்ளே இருந்த ஸ்பிரிங்கை எடுத்துவிட்டேன். பொம்மையின் கழுத்துப் போல அது தளர்ந்து ஆடியது. கம்ப்யூட்டருக்குள்ளும் போய், சிறிது அசைத்தாலே விமானம் நிறையத் திரும்பும்படி அளவைக் கூட்டி வைத்தேன். அப்படியும் அவனுக்கு வசப்படவில்லை. ஏறிவிட்டால் இறங்க முடியவில்லை. இறங்கும்போது குச்சியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் இழுத்து, இழுத்த இடத்திலேயே பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். பிடித்துக்கொண்டிருக்கும்போதே அவன் விரல்கள் நழுவின.

ஒரு நாள் அவனை அம்மா குளிப்பாட்டத் தூக்கிப் போயிருந்தபோது நான் அந்தக் குச்சியைப் பிடித்துப் பார்த்தேன். சுண்டுவிரலால் தள்ளினால் போதும், அவ்வளவு லேசாக இருந்தது. அவனைத் திரும்பக் கொண்டுவந்து உட்கார வைத்த பிறகு நான் எழுந்து அடுப்படிக்குப் போனேன். அம்மா அவனுக்கு உடை மாற்றிவிட்டு வந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, தம்பி கை..."

"தெரியும்" என்றாள். தலையை நிமிர்த்தவில்லை. "ஆனி மாசத்துலேருந்து நான்தான ஊட்டிவிடுறேன். நீ காலைல போயிருத. ராத்திரி நீ சாப்பிட உக்காருததுக்கு முன்னயே ஊட்டி முடிச்சிருவேன், அவனுக்குப் பசியில்லன்னு நெனச்சிருப்ப."

"ஏன் சொல்லல?"

"சொல்லி என்ன செய்ய, தாயி?"

அன்று நான் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தபோது அவனே சொன்னான். நான் அடுப்படியில் பேசியது அவனுக்குக் கேட்டிருக்க வேண்டும்.

"அக்கா, ஸ்டிக்கு சரியாத்தான் இருக்கு. நீ இனிமே அதக் கழத்தாத."

நான் திருப்புளியை எடுத்து மேஜை இழுப்பறையில் போட்டேன்.

"பழசு தேஞ்சு போயி என் கைக்குத் தக்கன இருந்துருக்கு. அதான் இம்புட்டு நாளா தெரியல" என்றான். அழுவான் என்று நினைத்தேன். அவன் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு, "ஸ்பிரிங்க மாட்டிரு. நீ ஓட்டு. நான் சொல்லுதேன்" என்றான்.

அப்படித்தான் நான் விமானம் ஓட்டக் கற்றேன். வேலையிலிருந்து வந்து முகம் கழுவி, அம்மா தரும் காபியைக் குடித்துவிட்டு உட்காருவேன். "மூக்க எறக்கு. போதும். வேகத்தப் பாரு, என் முகத்தப் பாக்காத" என்பான். மின்வெட்டுக் காலம் அது. மேகத்துக்கு நடுவில் போய்க்கொண்டிருக்கும்போது பட்டென்று எல்லாம் அணையும். இருட்டில் மூன்று பேரும் அப்படியே உட்கார்ந்திருப்போம். அம்மா விசிறி எடுத்து அவனுக்கு வீசுவாள். கரண்ட் வந்ததும் மறுபடி மதுரையிலிருந்து கிளம்புவோம்.

அப்பாவிடம் அவனே போனில் சொன்னான். "அப்பா, இப்பல்லாம் அக்காதான் ஓட்டுதா. எனக்குக் கை முடியல."

அந்தப் பக்கம் லாட்ஜ் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"பெரிய கப்பல்லயெல்லாம் கேப்டனா ஸ்டியரிங்கப் பிடிக்காரு?" என்றார் அப்பா. "அவரு சொல்லத்தான செய்வாரு."

"அது கப்பல்ப்பா."

"எல்லாம் ஒண்ணுதாம்லே."

அடுத்த மழைக்காலத்தில் தம்பிக்குச் சளி பிடித்தது. இருமிச் சளியை வெளியேற்ற அவன் நெஞ்சுக்குத் தெம்பில்லை. மதுரைக்குக் கொண்டு போனோம். ஆஸ்பத்திரியில் வாய்க்கு மேலே மாஸ்க் வைத்திருந்தார்கள். அதை விலக்கச் சொல்லி என்னைக் கூப்பிட்டு, "அப்பா எங்கன?" என்றான்.

"ராய்ப்பூர். கெளம்பிட்டாங்க. வந்துக்கிட்டு இருக்காங்க."

உண்மையில் அப்பாவுக்கு அப்போதுதான் செய்தி போயிருந்தது. அவன் தலையை அசைத்தான். மறுநாள் விடிந்து நன்றாக வெயில் ஏறியபோது, அம்மாவின் கை அவன் நெஞ்சின்மேல் இருக்க, அவன் போய்விட்டான்.

வீட்டுக்குக் கொண்டுவந்து ஐஸ் பெட்டியில் வைத்தோம். ரயிலில் வந்தால் அப்பா இரண்டாம் நாள்தான் வர முடியும். அதுவரை வைத்திருக்கலாமா கூடாதா என்று சொந்தக்காரர்கள் வாசலில் பேசிக்கொண்டிருந்தார்கள். அதற்குள் போன் வந்தது. ராய்ப்பூரில் அப்பாவிடம் வருஷா வருஷம் காலண்டர் வாங்கும் கடைக்காரர் ஒருவர், ரயில் டிக்கெட் கிடைக்காமல் நின்றிருந்த அவரை விமானத்தில் ஏற்றி விட்டிருந்தார். ஓர் ஊரில் இறங்கி வேறு விமானம் மாறி, அப்பா மதுரையில் வந்து இறங்கினார். அதற்கு முன் அவர் விமானத்தில் ஏறியதே இல்லை. என் சித்தப்பா காரில் போய்க் கூட்டிவந்தார். அப்பா தன் காலண்டர் மாதிரிகள் அடைத்த பையோடு வாசலில் இறங்கியதும் யாரோ அந்தப் பையை வாங்கிக்கொண்டார்கள். அவர் செருப்பைக் கழற்ற மறந்து உள்ளே வந்து பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். பெட்டியின் கண்ணாடி நீர் பூத்திருந்தது. அதைத் துடைத்துத் துடைத்து அவன் முகத்தைப் பார்த்தார்.

காரியங்கள் முடிந்து சொந்தக்காரர்கள் எல்லாம் போன பிறகு, ஒரு மத்தியானம் நாங்கள் மூன்று பேரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அம்மா திடீரென்று கேட்டாள்.

"பிளேன்ல வரப் பயமா இருந்துச்சா உங்களுக்கு?"

அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார். "எறங்குறதுக்கு முன்ன அடியில பெருசா ஒரு சத்தம் கேக்கும், அது வீலு வெளிய வார சத்தம், பயந்துறாதீகன்னு எங்கிட்ட எப்பவோ போன்ல சொல்லியிருந்தான். அதே மாதிரி கேட்டுச்சு. பக்கத்து சீட்டுக்காரரு பதறிட்டாரு. ஒண்ணுமில்ல, வீலுதான்னு நான் அவருக்குச் சொன்னேன்."

சொல்லிவிட்டு இலையைப் பார்த்தபடி இருந்தார். பிசைந்த சோறு அப்படியே இருந்தது. அம்மா மோரை எடுத்து வைத்தாள்.

அப்பா அந்த வருஷத்தோடு வெளியூர் போவதை விட்டுவிட்டார். நாரணாபுரம் ரோட்டில் ஒரு பேப்பர் குடோனில் லோடு இறக்கும்போது சரி பார்க்கும் வேலை கிடைத்தது. காலையில் போய்ச் சாயங்காலம் வந்துவிடுவார். கல்யாணம் ஆன நாளிலிருந்து போனிலேயே குடும்பம் நடத்திய இரண்டு பேருக்கு, ஒரே வீட்டில் தினமும் எதிரெதிரே உட்கார்ந்து என்ன பேசுவதென்று முதலில் தெரியவில்லை. அவருக்குக் காபியில் எவ்வளவு சர்க்கரை என்று அம்மாவுக்குச் சரியாகத் தெரியாது. விளக்குமாறு எங்கே இருக்கும் என்று அவருக்குத் தெரியாது. தம்பியைத் தூக்கித் தூக்கி அம்மாவின் தோள்பட்டை விட்டுப் போயிருந்தது. அதை அவர் அப்போதுதான் கவனித்தார். அந்தக் கோடையிலிருந்து தெருக்குழாயில் தண்ணீர் பிடிப்பது அப்பா வேலையாயிற்று. பெண்களுக்கு நடுவில் குடத்தோடு வரிசையில் நிற்பார். முதலில் ஒரு மாதிரியாகப் பார்த்தவர்கள் பிறகு, "நீங்க முன்னால பிடிச்சுக்கோங்கண்ணே, வேலைக்குப் போகணும்ல" என்று வழி விட்டார்கள். அவர் வேண்டாமென்று தலையாட்டிவிட்டு, தன் முறை வரும்வரை நின்று பிடித்து வருவார்.