கூச்சலை வெட்டாத டீமேக்கர் ஐயா

சென்ற வாரம் ஒரு காலை. தபாலகத்தின் பொதிக் கவுண்டரில் நின்று, யாரோ ஒருவர் துணியில் சுற்றித் தைத்துக் கொண்டுவந்த பொதிக்கு முத்திரை ஒட்டிக்கொண்டிருந்தேன். தொலைபேசி அடித்தது. சவரிமுத்து ஐயாவின் மனைவி பிலோமினா அக்கா பேசினார்.

"தங்கச்சி, அவரு போயிட்டாருங்க. டீ குடிச்சிட்டுக் கதிரையில சாஞ்சாரு. காதுல ஹெட்போன் மாட்டியிருந்துச்சு. தூங்குறாருன்னு நெனைச்சேன். கிட்ட போனா பாட்டு மட்டும் ஓடிக்கிட்டு இருக்கு."

"வாறன் அக்கா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். பொதிக்காரர் மிச்சக் காசுக்குக் கை நீட்டியபடி நின்றார். அந்தக் கையைப் பார்த்துத்தான் எனக்கு அழுகை வந்தது. முதன்முதலில் இதே கவுண்டரில், இதே மாதிரிக் கையை நீட்டிக்கொண்டுதான் சவரிமுத்து ஐயா அவர்களும் நின்றார்கள்.

அவர்களை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். திரு. சவரிமுத்து அவர்கள் தெமோதரைக்கு மேலே உள்ள ஒரு தோட்டத் தொழிற்சாலையில் டீமேக்கராக இருந்து ஓய்வு பெற்றவர்கள். பறித்த கொழுந்து தூளாகிப் பெட்டியில் ஏறும்வரை அங்கே அவர்கள் சொல்வதுதான் சட்டம். ஆறடி உயரம், மினுக்கிய சப்பாத்து, மழைக்காலத்திலும் கழற்றாத கறுப்புக் கண்ணாடி. பேசினால் அடுத்த தெருவுக்குக் கேட்கும். அடக்கம் என்ற சொல்லை அவர்களோடு சேர்த்து யாரும் சொன்னதில்லை, நானும் சொல்லப் போவதில்லை.

அவர்களின் உயிர் ராக் இசை. அதுவும் கம்பனிகள் வெளியிட்ட இசைத்தட்டுகளில் அவர்களுக்கு அவ்வளவு அக்கறை இல்லை. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பழைய ராக் கச்சேரிகளுக்குப் போன ரசிகர்கள், கோட்டுக்குள் சின்ன ரெக்கார்டரை ஒளித்துக் கொண்டுபோய்ச் சனத்தின் நடுவே இருந்து பிடித்த ஒலிப்பதிவுகள்தான் வேண்டும். அப்படிப் பிடித்தவர்களும் சேர்ப்பவர்களும் உலகமெங்கும் கடிதத்தில் பழகி, தங்களுக்குள் கசெட் மாற்றிக்கொள்வார்களாம். அதற்கு ஒரே விதி, விற்கக் கூடாது. வெற்றுக் கசெட்டும் திருப்பி அனுப்ப முத்திரையும் அனுப்பினால் பதிவு வந்து சேரும்.

வந்து சேர்ந்தது என்னிடம். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. யாழ்ப்பாணத்தில் இருந்து மாற்றலாகிப் பதுளைக்கு வந்த புதிது. சண்டை நடந்துகொண்டிருந்த காலத்தில், ஒரு தமிழருக்கு வெளிநாட்டில் இருந்து மாதாமாதம் கசெட் வந்தால் சும்மா விடுவார்களா? ஒரு பாதுகாப்பு அதிகாரி வந்து நின்றார். எல்லாவற்றையும் போட்டுக் கேட்க வேண்டும் என்றார். தமிழ் தெரிந்த சாட்சியாக என்னையும் பக்கத்தில் இருத்தினார்கள். அதில் எங்கே தமிழ்? முதலில் ஒரு பெரிய இரைச்சல். பிறகு யாரோ இருமினார்கள். பிறகு கிட்டார் அலறியது. பிறகு திரும்பவும் இரைச்சல். அதிகாரி நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

"இது என்ன?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"கவனமாக் கேளுங்க சார், இனித்தான் நல்ல எடம் வருது" என்றார்கள் சவரிமுத்து ஐயா, அதே சிங்களத்தில், கண்ணாடியைக்கூடக் கழற்றாமல்.

இவரைக் கைதுசெய்துவிடுவார்கள் என்றே நினைத்தேன். ஆனால் அதிகாரி இரண்டாவது கசெட்டின் பாதியிலேயே எழுந்துவிட்டார். அதற்குப் பிறகு அந்தப் பொதிகளை யாரும் திறக்கச் சொல்லவில்லை. மறு மாதம் கவுண்டருக்கு வந்தவரை நான் பிடித்துக்கொண்டேன்.

"என்ன அண்ணை, உது பாட்டோ, சந்தைச் சண்டையோ? நான் முறையாச் சங்கீதம் படிச்சனான். என்ர காது ரெண்டு நாளாக் குத்தினது."

"சங்கீதம் படிச்சீங்களா? அப்ப நீங்க நம்ம ஆளு. ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வாங்க தங்கச்சி, பிலோமினா கோழி அடிப்பா."

கோழிக்காகத்தான் போனேன். மறைப்பதற்கு என்ன இருக்கிறது! குவார்ட்டர்ஸின் முன்னறை முழுவதும் கசெட். பூஞ்சை பிடித்த நாடாவைப் பஞ்சால் துடைப்பது, அறுந்ததை ஒட்டுவது, உடைந்த கூட்டிலிருந்து நாடாவைக் கழற்றிப் புதுக் கூட்டில் ஏற்றுவது எல்லாம் அந்தப் பெரிய விரல்களால், ஒரு மேசை விளக்கின் கீழே. தொழிற்சாலையையே அதட்டும் மனிதர் அந்த மேசையில் மட்டும் மூச்சுக்கூட மெதுவாக விடுவார்கள். இரைச்சலைக் குறைக்கும் கருவியும் வைத்திருந்தார்கள். ஆனால் அதில் குறைப்பது நாடாவின் சீறலை மட்டும்தான். சனத்தின் சத்தத்தில் கைவைக்க மாட்டார்கள். கைதட்டலும் கூச்சலும் எதற்கு, வெட்டி எறியலாமே என்று கேட்டேன்.

"பாட்டு எல்லா ரெக்கார்டுலயும் இருக்கு தங்கச்சி. அன்னைக்கு வந்த சனம் இதுல மட்டுந்தான் இருக்கு" என்றார்கள்.

கொழும்புக் கடைக்காரர் ஒருவர் இந்தக் கூச்சலையெல்லாம் வெட்டி, சுத்தமாக்கித் தந்தால் விற்கலாம் என்று தோட்டம்வரை தேடி வந்தார். அவரை டீமேக்கர் ஐயா வாசலிலேயே வைத்துப் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. போகும்போது நல்ல தேயிலைத்தூள் ஒரு பைக்கற் கொடுத்து அனுப்பினார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இவ்வளவு பிடிவாதம் எதற்கு என்பது பிறகு ஒரு ஞாயிறு அவர்கள் சொல்லித்தான் விளங்கியது. எழுபதுகளின் கடைசியில் பதுளையில் ஒரு ராக் குழு இருந்ததாம். தோட்டத்து இளைஞர்களும் டவுன் இளைஞர்களும் சேர்ந்தது. பாடகர் ராஜன். ஆங்கிலப் பாட்டுகளையே பாடிவந்தவர், ஒருநாள் மாலை ஒரு மண்டபத்துக் கச்சேரியில் கடைசியாகத் தானே தமிழில் கட்டிய பாட்டைப் பாடினார். விடியலில் ஆளெண்ணி வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் போகிறவர்களைப் பற்றிய பாட்டு. பாட்டு முடியும் தறுவாயில், நேரமாகிவிட்டது என்று விழாத் தலைவர் பின்பக்கமாக மேடையேறி, இனிப் பாட்டு வேண்டாம் என்று டிரம்ஸ்காரருக்குக் கைக்கடிகாரத்தைக் காட்டினார். அதைக் கண்ட சனம் அவரைப் பார்த்து ஹூ வைத்தது. எங்கள் நாட்டில் பிடிக்காதவரைக் கூவி விரட்டுவதற்கு அதுதானே வழக்கம். பாட்டை முடித்த ராஜனின் கண்ணில் விளக்கு வெளிச்சம். பின்னால் நடந்தது தெரியவில்லை. சொந்தச் சனம் தன் தமிழ்ப் பாட்டுக்கு ஹூ வைத்துவிட்டது என்று நினைத்து மைக்கை வைத்தார், பின்கதவால் போனார். அதோடு பாட்டையே விட்டுவிட்டார்.

"உண்மையைச் சொல்ல ஒருத்தரும் இல்லையோ?" என்றேன்.

"நான் சொன்னேன். ஆறுதலுக்குச் சொல்லாதீங்கன்னான். கெசட்டுல பிடிச்சீங்கல்ல, போடுங்கன்னான். போட்டேன்." ஐயா முதல் தடவையாகக் கண்ணாடியைக் கழற்றினார்கள். "அந்தக் காலத்துல கெசட்டு கிடைக்காதுங்க. மிச்சம் பிடிக்கப் பாட்டு முடிஞ்சதும் அமத்திருவோம், அடுத்த பாட்டுக்குத் திறப்போம். பாட்டு முடியுது, ஹூன்னு ஆரம்பிக்குது, அத்தோட அமத்திப்புட்டேன். என் கெசட்டே அவனுக்கு எதிராச் சாட்சி சொல்லிருச்சு தங்கச்சி."

அன்று கோழிக்கறி எனக்கு இறங்கவில்லை.

அந்த மண்டபத்தில் ரெக்கார்டர் வைத்திருந்த எல்லோரையும் அவர்கள் தேடினார்கள். பண்டாரவளையில் ஒருவர், ஹாலிஎலவில் ஒருவர், கொழும்புக்குக் குடிபோனவர்கள் என்று ஒருவரையும் விடவில்லை. கசெட்டுகள் ஒவ்வொன்றாக என் கவுண்டர் வழியாக வந்தன. ஒவ்வொன்று வரும்போதும் எனக்கும் நெஞ்சு அடிக்கத் தொடங்கியிருந்தது. எல்லாரும் ஒரே மாதிரிச் சிக்கனக்காரர்கள்! ஒவ்வொன்றும் அதே இடத்தில் நின்றது. சிலவற்றில் அந்த ஹூகூட இல்லை.

கடைசியில் கிடைத்தது கன்னியம்மாவிடம். தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில், அம்மாமார் கொழுந்து பறிக்க மலைக்குப் போனபின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவர். அந்தக் குழுவின் டிரம்ஸ்காரர் அவருடைய தம்பி. தம்பி வெளிநாடு போய்ப் பல காலம். நாங்கள் போனபோது இடுப்பில் ஒன்று, காலடியில் இரண்டு என்று பிள்ளைகளோடு நின்றார்.

"ரெக்கார்டரை மடியில வச்சுட்டு, செவப்பை அமுக்குக்கா, அப்புறம் எதையும் தொடாதேன்னு தம்பி சொல்லுச்சுங்க. எனக்கு அந்த மிசினு பத்தி என்ன தெரியும்? தொடாதேன்னுச்சு, தொடல. தானா டக்குன்னு நிக்கிற வரைக்கும் அப்பிடியே இருந்தேன்."

டீமேக்கர் ஐயா அந்தக் கசெட்டை இரண்டு கையாலும் வாங்கினார்கள். பூசையில் குருவானவரிடம் நன்மை அப்பம் வாங்கும்போதுகூட அவர்கள் அவ்வளவு பணிந்து நான் கண்டதில்லை.

ஆனால் போட்டால் குரல் கீச்சிட்டது. ரெக்கார்டரின் பற்றரி இறங்க இறங்க நாடா மெதுவாக ஓடிப் பதிந்திருக்கிறது. இப்போது வழக்கமான வேகத்தில் போட்டதும் எல்லாம் விரைந்து, போகப் போகச் சுருதி ஏறியது. இந்த இடத்தில்தான் என் சங்கீதம் உதவியது. கச்சேரியின் தொடக்கத்தில் பக்கத்து மாதா கோயிலின் ஆறு மணி மணியோசை பதிந்திருந்தது. அதே மணி இன்றும் அதே கோயிலில் அடிக்கிறது. கோயில் முற்றத்தில் சுருதிப் பெட்டியோடு போய் நின்றேன். மணியின் சுருதியைப் பிடித்துக்கொண்டு வந்தேன். அதற்குப் பிறகு பாட்டுகளின் நடுவே கிட்டார்க்காரர் தந்தியை மீட்டிப் பார்க்கும் ஒலி இருந்தது. வேறு எந்தக் கசெட்டிலும் அது இல்லை, எல்லாரும்தான் அமத்திவிட்டார்களே! அந்த ஒலியைப் பிடித்துக்கொண்டு நான் சுருதி சொல்ல, ஐயா சின்ன ஸ்குரூ டிரைவரால் மோட்டாரின் திருகாணியை மயிரிழை மயிரிழையாகத் திருப்பினார்கள்.

"இன்னும் ஏறி நிக்குது அண்ணை."

"இப்ப?"

"இன்னும் கொஞ்சம் இறக்குங்கோ. ஐயோ, கனக்க இறக்கிப் போட்டியள்!"

"தேயிலைக்குக்கூட நான் இவ்வளவு ஏச்சு வாங்கினதில்ல" என்று பிலோமினா அக்காவிடம் முறையிட்டார்கள். பல ஞாயிற்றுக்கிழமைகள் இப்படியே போய், ஒருவழியாகக் கடைசிப் பாட்டுவரை சுருதி சேர்ந்தது. அந்தப் பாட்டுகள் எனக்கு மெல்ல மெல்லப் பிடித்துப்போனதை அவர்களிடம் நான் ஒத்துக்கொள்ளவில்லை. அவர்களுக்குத் தெரியும்.

பாட்டு முடிந்தது. ஹூ எழுந்தது. நாடா நிற்கவில்லை. மூவரும் ரெக்கார்டரை நோக்கிக் குனிந்தோம். கூச்சலுக்குள் ஓர் ஆணின் குரல், "யோவ் தலைவரே, கீழ எறங்குய்யா! அவரு பாடட்டும்!" என்றது. யாரோ சிங்களத்தில் "தவ எகக்! தவ எகக்!" என்று இன்னொரு பாட்டுக் கேட்டார்கள். பிறகு மண்டபம் முழுவதும் "ராஜன், ராஜன்" என்று கத்தியது. வெகு நேரம் கத்தியது. மேடையில் ஆள் இல்லை என்று தெரியாமல் கத்திக்கொண்டே இருந்தது. பிலோமினா அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

ராஜன் அண்ணன் அப்போது கொஸ்லந்தையில் தையற்கடை வைத்திருந்தார். நாங்கள் மூவரும் பஸ்ஸில் போனோம். கசெட் என்றதும் அவர் முகம் இறுகியது.

"அந்தச் சத்தத்தை மறுபடியும் கேக்கணுமாய்யா நான்?"

"ஒரு தடவை. பிடிக்காட்டி என்னையே ஹூ வச்சு வெரட்டு."

தையல் மெசினை மிதித்தபடியே கேட்டார். தன் குரல் வந்தபோது நிமிரவில்லை. ஹூ வந்தபோது இன்னும் வேகமாக மிதித்தார். பிறகு அந்த ஆணின் குரல் வந்தது. மெசின் நின்றது. முடியும்வரை கேட்டார். "இன்னொருக்காப் போடுங்க" என்றார். மீண்டும் கேட்டுவிட்டு, ஊசியில் கிடந்த துணியைப் பார்த்துக்கொண்டே, "கூப்பிட்டிருக்காங்கய்யா. நான் போயிட்டேன்" என்றார்.

"இப்பப் பாடேன் தம்பி. ஒரே ஒரு வரி. நான் பிடிச்சுக்கிறேன்" என்று ஐயா ரெக்கார்டரை நீட்டினார்கள்.

"தொண்டை தூந்து போச்சுங்க ஐயா. மன்னிச்சுக்குங்க."

அதற்குப் பிறகு ஒவ்வொரு டிசம்பரிலும் நத்தார் பண்டிகைக்கு ராஜன் அண்ணன் கேக்கோடு அவர்கள் வீட்டுக்கு வருவார். ஒவ்வொரு நத்தாருக்கும் ஐயா ரெக்கார்டரில் புதுப் பற்றரி போட்டு மேசையில் வைத்திருப்பார்கள். வற்புறுத்தியதில்லை. அந்த மனிதரின் பொறுமையை நினைத்தால் எனக்கு இன்னமும் வியப்பாக இருக்கிறது. மற்ற எதிலும் துளிப் பொறுமை இல்லாதவர்.

அடக்கத்துக்குத் தோட்டமே வந்தது. தொழிற்சாலை ஆட்கள், கன்னியம்மா, வெளிநாட்டுக் கடிதங்களைக் கொண்டுபோய்க் கொடுத்த தபால்காரர் எல்லோரும் வந்தார்கள். கோயிலுக்குப் புறப்படுமுன் பிலோமினா அக்கா அந்த ரெக்கார்டரை என் கையில் தந்தார். "இந்த நத்தாருக்குன்னு இப்பவே பற்றரி வாங்கிப் போட்டு வச்சிருந்தாருங்க" என்றார்.

குருவானவர் செபித்து முடித்தபின் பெட்டியை இறக்கினார்கள். அப்போது ராஜன் அண்ணன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு குழியருகே வந்தார். யாரும் அவரைக் கேட்கவில்லை. தொண்டையைச் செருமினார். பாடத் தொடங்கினார். அதே பெரட்டுப் பாட்டு. கிட்டார் இல்லை, டிரம்ஸ் இல்லை. குரல் உடைந்துதான் இருந்தது, சுருதியும் கொஞ்சம் இறங்கியிருந்தது. சங்கீதம் படித்த நான் சொல்கிறேன், அதைவிட நல்ல பாட்டை நான் கேட்டதில்லை. இத்தனை நத்தார்களாக இந்த ஒன்றுக்காகக் காத்திருந்தவர் கேட்க முடியாத நேரத்தில் பாடுகிறாரே என்று எனக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. சிவப்புப் பொத்தானை அமுக்கிவிட்டு ரெக்கார்டரை நெஞ்சோடு பிடித்துக்கொண்டேன்.

பாட்டு முடிந்தது. நான் அமத்தவில்லை அண்ணை. பிலோமினா அக்காவின் விம்மல் அதில் இருக்கிறது. மண் விழும் சத்தம் இருக்கிறது. யாரோ இருமியதும் இருக்கிறது. பின்வரிசையில் இருந்து கன்னியம்மா, "இன்னொருக்காப் பாடுங்க தம்பி, ஐயாவுக்குக் கேக்கட்டும்" என்று சொன்னதும், ராஜன் அண்ணன் அந்த முறை போய்விடாமல் நின்று, மறுபடியும் முதலில் இருந்து தொடங்கியதும் இருக்கிறது. தானாக டக்கென்று நிற்கும்வரை நான் எதையும் தொடவில்லை. போய் வாருங்கோ.